சண்முகத்தாய் பேரில் ஒரு ஃபாரம்

சண்முகத்தாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு ரப்பர் உடை. முதுகில் சிலிண்டர். உங்கள் வீட்டுக்காரர் பூமிராஜ் அவள் கையைப் பிடித்திருந்தார். அவள் திரும்பி, கரையில் நின்ற என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. போ, போ என்று கை காட்டினேன். அவள் அந்தக் குழாயை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

காபியைக் குடியுங்கள் அம்மா, ஆறுகிறது. நான் போட்டதுதான். இரண்டரை வருஷமாக நான்தான் போடுகிறேன். முதலில் டிகாக்‌ஷன் இறங்காது, இப்போது பழகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போர்ட் பிளேரிலிருந்து மூன்று நாள் கப்பலில் சென்னைக்கு, அங்கேயிருந்து ராத்திரி பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு. இவ்வளவு தூரம் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அத்தை பேர்ல எழுதின ஃபாரம் ஏதாவது உங்க சாமானோட கலந்து வந்திருக்கா ஐயா?" அடுத்த மாதம் ஏழாம் தேதி கடைசி வாய்தா என்றீர்கள். அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் காட்டாவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் உள்ளே போக வேண்டி வரலாம் என்று வக்கீல் சொன்னாராம்.

இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நான் முப்பத்து நாலு வருஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதினவன். எடுத்த எடுப்பிலேயே கோரிக்கையை எழுதினால் அதிகாரி மீதியைப் படிக்க மாட்டார். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். அதுதான் முறை. முறையாகவே சொல்கிறேன்.

நான் படித்தது எட்டாவது. இங்கிலீஷ் நானாகக் கற்றுக்கொண்டது. ஆபீஸில் தூக்கிப் போடுகிற பழைய ஃபாரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அகராதியை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் படிப்பேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். சும்மா சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். இந்த ரைட்டர் எழுதிய மனு திரும்பி வந்தது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. கேட்கிற கேள்விக்கெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதினால் ஒரு வேலையும் நடக்காது அம்மா. வருமானச் சான்றுக்கு வருமானத்தை எழுதுவார்களா? எது எழுதினால் கிளார்க் தலையைத் தூக்காமல் சீல் குத்துவாரோ அதை எழுத வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஃபாரம் என்றால் நான்தான். ரேஷன் கார்டு, பாங்க் கணக்கு, அவள் அப்பா இறந்தபோது வாரிசுச் சான்று. சண்முகத்தாய் எதற்கும் அலைய வேண்டியதில்லை. எல்லாம் உட்கார்ந்த இடத்தில் நடக்கும்.

அந்தமான் பயணம் எங்கள் மகள் ஏற்பாடு. கோயம்புத்தூரில் இருக்கிறாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போனதில்லை, போய்விட்டு வாருங்கள் என்று விமான டிக்கெட், அறை, கார் எல்லாம் போட்டுக் கொடுத்தாள். டிரைவர் வைத்த கார் வேண்டாம், நாமே ஓட்டுகிற கார் போடு என்று சொன்னது நான்தான். டிரைவர் இருந்தால் அவன் நிறுத்துகிற இடத்தில்தான் சாப்பிட வேண்டும், அவன் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் நானாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். பயம் இல்லை.

விமான நிலைய வாசலில் ஒருவர் சாவியோடு நின்றார். வெள்ளைக் கார், கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. நான்கு பக்கமும் போனில் படம் எடுத்தார், எங்கே கீறல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஒரு ஃபாரம் கொடுத்தார். வண்டியை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது, ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று ஏழாவது வரியில் இருந்தது. யாரும் படிக்கிற வரி இல்லை அது. நான் படித்தேன். படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு கடற்கரைக்குப் போனோம். தண்ணீரில் ஓடுகிற ஸ்கூட்டர் விட்டார்கள். சண்முகத்தாய் ஏறுகிறேன் என்றாள். ஐம்பத்தெட்டு வயது. ஓட்டுகிறவர் இடுப்பைப் பிடிக்க வெட்கப்பட்டு அவர் போட்டிருந்த மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு சுற்று. திரும்பி வந்தபோது முடியெல்லாம் நனைந்து, சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "ஏங்க, இன்னொரு வாட்டி?" என்றாள். நாளைக்கு இதைவிடப் பெரியது இருக்கிறது என்றேன். கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பது. மகள் அதையும் போட்டுக் கொடுத்திருந்தாள், இரண்டு பேருக்கும்.

ஆகையால், நான் கட்டாயப்படுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆசை அவளுக்கு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பும்போதே தாமதம். பூரி வரவே நேரமாகிவிட்டது. காரில் ஏறிக் கால் மணி நேரம் போன பிறகு, மாத்திரைப் பை அறையிலேயே இருக்கிறது என்றாள். பிரஷர் மாத்திரை. நாலு வருஷமாகச் சாப்பிடுகிறாள். திரும்பிப் போகலாமா என்றாள். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். நம் ஊரில் எத்தனை நாள் மறந்திருக்கிறாள்.

அங்கே உங்களுக்குத் தெரியுமே, மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிடுகிறது. இரண்டு மணிக்கு மேல் புதிதாக யாரையும் தண்ணீருக்குள் இறக்க மாட்டோம் என்று மகளுக்கு வந்த தகவலில் இருந்தது. அதற்குள் போய்ச் சேர வேண்டும். மலைப்பாதை. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். வளைவில் திடீரென்று பஸ் வருகிறது. போனில் வழி காட்டிக்கொண்டு வந்த பெண் குரல் பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் நின்றுபோனது. சிக்னல் இல்லை. இரண்டாகப் பிரிகிற இடத்தில் நான் இடது பக்கம் திருப்பினேன். சண்முகத்தாய் வலது பக்கம் இருந்த பெட்டிக்கடையில் கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள். கேட்க வேண்டியதில்லை என்றேன். கடைசியில் ஒரு காட்டிலாகா கேட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். அதில் முக்கால் மணி நேரம் போனது.

திரும்பி வரும்போது வேகமாக ஓட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அவள் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இறங்கி ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மாரில் என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பூரி, எண்ணெய்ப் பலகாரம், வாயு என்றேன். இரண்டு ஏப்பம் விட்டாள். சரியாகிவிட்டது என்றாள். அவளேதான் சொன்னாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தச் சொன்னாள். அப்போது மணி ஒன்று பத்து. கடல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அங்கே போய் இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

இருதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லி ஜி.எச். டாக்டர் ஒரு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தமான் போய்விட்டு வந்து எடுக்கலாம் என்றிருந்தோம்.

நீங்கள் பீரோவையே பார்க்கிறீர்கள். சொல்கிறேன் அம்மா.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடலில் ஆள் இறக்குகிற கொட்டகை வாசலில் பூமிராஜ் நின்றார். இந்தியில் ஏதோ கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். எந்த ஊர் என்றார். அருப்புக்கோட்டை. அவர் முகம் மாறியது. அவர் அப்பா இங்கே பக்கத்துப் பந்தல்குடியிலிருந்து கப்பலேறிப் போனவராம். சண்முகத்தாய்க்குப் பிறந்த ஊர் பந்தல்குடி. அப்புறம் கேட்க வேண்டுமா? எந்தத் தெரு, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, பெரிய கிணறு இருக்குமே, அதுல குதிச்சிருக்கீங்களா, நான் அதுலதான் நீச்சல் படிச்சேன், எங்க அப்பாவும் அதிலதான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் அந்தக் கிணற்றை விட்டு வெளியே வரவில்லை.

"எங்க அப்பா ஊருன்னா நீங்க எனக்கு அத்தை" என்றார் பூமிராஜ். "அப்ப இவுக மாமா."

நீங்கள் வாசலில் வந்து நின்றபோது என்னை ஐயா என்றீர்கள். அவர் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலும் மாமா என்றுதான் கூப்பிட்டார்.

அட்டையில் செருகி இரண்டு ஃபாரம் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று. மேலே பெயர், வயது. கீழே பத்துக் கேள்வி. இந்த வியாதி உண்டா, அந்த வியாதி உண்டா, தினமும் சாப்பிடுகிற மாத்திரை உண்டா. என் கண்ணாடி காரில் இருந்தது. வெளியே காற்றில் காகிதம் படபடவென்று அடித்தது. இரண்டு பேரும் காரில் போய் உட்கார்ந்தோம்.

முதலில் என்னுடையதை எழுதினேன். காது நோய் உண்டா என்று மூன்றாவது கேள்வி. உண்டு என்று எழுதினேன். இடது காதில் சீழ் வடியும் என்று பக்கத்தில் விவரமும் எழுதினேன். சின்ன வயதில் ஒரு தடவை வடிந்ததுதான். பொய் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது அம்மா. தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. அதைப் பந்தல்குடிக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஃபாரத்தில் எழுதினால் அவரே வேண்டாம் என்றுவிடுவார். அப்படியே நடந்தது. நான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூமிராஜ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "மாமா, நீங்க எறங்க வேணாம். காதுக்குள்ள பிரஷர் ஏறும். அத்தை மட்டும் போகட்டும், நீங்க கரையில நின்னு படம் புடிங்க" என்றார். எனக்கு வருத்தம்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

காருக்குத் திரும்பி வந்து அவளுடையதை எழுதினேன். எழுதியதும் அவள் எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ், இந்தி. அவளுக்குப் புரியாது.

"என்னங்க கேக்குறாங்க?"

ஒன்றுமில்லை, சம்பிரதாயம் என்றேன்.

"மாத்திரை சாப்புடுறத எழுதுனீங்களா?"

எழுதினால் விடமாட்டார்கள் என்றேன். அவள் கரைப் பக்கம் பார்த்தாள். அப்புறம், விடாட்டி என்ன, கண்ணாடி போட்ட படகு நிற்கிறதே, அதில் உட்கார்ந்தே மீன் பார்க்கலாம் என்று பூமிராஜ் சொன்னாரே என்றாள். உண்மைதான். படகு நின்றது. அடியில் கண்ணாடி. நாலைந்து வயதான வடநாட்டுப் பெண்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், அந்தப் படகில் யார் வேண்டுமானாலும் போகலாம், கடலுக்கு அடியில் நிற்கிற மாதிரி ஒரு படம் நம் தெருவில் யாரிடம் இருக்கிறது என்று. தாலுகா ஆபீஸ் முழுக்கக் காட்டலாம். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டுதான் உடை மாற்றப் போனாள். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தாலியை மட்டும் கழற்ற மாட்டேன் என்று உடைக்கு உள்ளே ஊக்குப் போட்டுக்கொண்டாள்.

கையெழுத்து மிச்சம் இருந்தது. அவள் உள்ளே இருந்தாள். மணி ஒன்று ஐம்பது. அதற்குள் பூமிராஜ் தண்ணீர் ஓரத்திலிருந்து கூப்பிட்டார்.

"மாமா, காயிதம் ஆச்சா?"

ஆச்சு என்றேன்.

"வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன். அத்தைய வரச் சொல்லுங்க."

இதுதான் அவர் செய்த தவறு. வேறு யாராவது வடநாட்டு ஆளாக இருந்திருந்தால், காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைத்திருக்க மாட்டார். என்னுடையதை வாங்கிப் படித்தார் இல்லையா? நான் இறங்கப்போகிறவன் என்று நினைத்துப் படித்தார். அப்புறம் என்னோடு கார் வரைக்கும் வந்து, கதவில் சாய்ந்தபடி அவளோடு இன்னும் கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். இவள் யார் மகள் என்றுகூடத் தெரிந்துவிட்டது. அத்தையிடம் போய் யார் காகிதம் கேட்பார்கள்? ஊர்க்காரர்கள் என்று ஆகிவிட்டால் எழுத்து எதற்கு என்று நினைக்கிறவர்கள் நாம். என் தொழிலில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி பத்திரம் எழுதாமல் நிலம் பிரித்துக்கொண்டு, அப்புறம் இருபது வருஷம் கோர்ட்டில் நிற்பார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. வாயால் கேட்டார். அதை மறைக்கக் கூடாது. தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தை, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நெஞ்சுவலி, பிரஷர், அந்த மாதிரி?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவளுக்கென்ன, கிணத்துல குதிச்சு வளந்தவ" என்றேன்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். முட்டளவு தண்ணீரில் வைத்துப் பத்து நிமிஷம் மூச்சு விடப் பழக்கினார். வாயால் இழு, வாயால் விடு. நல்ல பொறுமை அவருக்கு. அவளும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இடுப்பளவுக்குப் போனார்கள். அங்கேதான் அவள் திரும்பி என்னிடம் ஏதோ சொன்னது. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

இருபது நிமிஷம் ஆகும் என்று சொல்லியிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீருக்கு மேலே குமிழி வரும். குமிழி இருக்கிற இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். குமிழி தள்ளித் தள்ளிப் போனது. படகுக்குப் பின்னால் போனது. எனக்குத் தெரியவில்லை. படகு நகர்ந்ததும் மறுபடி தெரிந்தது. அப்புறம் ஒரே இடத்தில் நிறையக் குமிழி வந்தது. பதினொன்றாவது நிமிஷம். பூமிராஜ் தலை மேலே வந்தது. அவர் கையில் அவள் தலை.

அவர் செய்யாதது ஒன்றுமில்லை. மணலில் போட்டு மாரில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார், வாயில் வாய் வைத்து ஊதினார். எண்ணிக்கொண்டே அமுக்கினார். எனக்கு அந்த எண்ணிக்கை மட்டும்தான் கேட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள், வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். என் காரில் தூக்கிப் போட்டோம். பின் சீட்டில் அவர் மடியில் அவள் தலை. நான் வண்டியை எடுத்தேன்.

முதல் ஏற்றத்திலேயே வண்டி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன். இரண்டாவது வளைவில் மறுபடி நின்றது, பின்னால் உருண்டது. பூமிராஜ் அமுக்குவதை நிறுத்தவே இல்லை. அமுக்கிக்கொண்டே சொன்னார்.

"மாமா, நீங்க இங்க வந்து அமுக்குங்க. வண்டிய எங்கிட்ட குடுங்க. எனக்கு இந்த ரோடு கண்ணக் கட்டி விட்டாலும் தெரியும்."

நான் கொடுக்கவில்லை. ஏழாவது வரியில் இருக்கிறது என்றேன். என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். நான் ஓட்டிக்கொண்டே போனேன். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது ஒன்றும் காரணம் இல்லை அம்மா. உயிர் எப்போது போனது என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் எழுதியிருக்கிறார். தண்ணீரிலேயே போயிருக்கலாம். ரிப்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள். இருதயத்தில் அடைப்பு. மாரடைப்பு.

டாக்டர் கேட்டார், இந்தம்மாவுக்கு முன்பே ஏதாவது வியாதி உண்டா என்று. பூமிராஜ் சொன்னார், ஒன்றும் இல்லை சார், ஃபாரத்தில் மாமா எழுதியிருக்கிறார் என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் காகிதத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

காரைத் திருப்பிக் கொடுக்க நான் போகவில்லை. சாவி கொடுத்தவரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து எடுத்துக்கொண்டார். உள்ளே கிடந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், அவள் வளையல். அந்தக் கவர் அப்படியே ஊருக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் பிரித்துப் பார்த்தேன்.

இருபதாம் நாள் மனு எழுதினேன்.

நீங்கள் அந்த மனுவைப் படித்திருப்பீர்கள். கோர்ட்டில் வாசித்தார்கள் என்றீர்களே. இங்கிலீஷில் நானே எழுதியது. வக்கீல் வைக்கவில்லை. நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல மனு. ஒரு வார்த்தை கூடுதல், ஒரு வார்த்தை குறைவு என்று சொல்ல முடியாது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: எனது மனைவியிடமிருந்து எந்தவிதமான உடல்நலப் படிவமும் பெறாமலேயே அவரைக் கடலுக்குள் அழைத்துச் சென்றுள்ளார். ஒரே மாதத்தில் அதிகாரிகள் வந்தார்கள், கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள், லைசென்ஸை ரத்து செய்தார்கள். தேடியபோது அங்கே என்னுடைய ஃபாரம் மட்டும் கிடைத்திருக்கிறது. இறங்காதவனுக்கு ஃபாரம் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறாய், இறங்கியவளுக்கு எங்கே என்று கேட்டார்களாம்.

பொய் எழுதவில்லை. பெறாமல் என்றுதான் எழுதினேன். அவர் பெறவில்லையே. மனுவில் ஒரு பொய் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் இல்லையா அம்மா? ஒரு மனுஷி காலையில் பூரி சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தவள். சாயங்காலம் அவளைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்ற ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தேன் நான். நான்தான் எழுதினேன். அதில் மட்டும் ஒரு கட்டத்தில் தப்பாக எழுதிவிட்டேன், அடித்து எழுதினேன். வயதை. என் கை அடித்து எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பூமிராஜ் இப்போது கடலில் இறங்குவதில்லை என்றீர்கள். கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறார், குளிக்கப் போனால்கூடத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதில்லை, துணியால் துடைத்துக்கொள்கிறார். அந்த ஃபாரத்தை நான் வாங்கினேனா, எங்கே வைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். அவர் வாங்கவில்லை. போய்ச் சொல்லுங்கள். வந்து வாங்கிக்கிறேன் என்றார். திரும்பி வந்தபோது வாங்குகிற நிலையில் இல்லை.

நான் வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். உங்கள் பெயரில் ஒரு கருணை மனு எழுதித் தருகிறேன். குடும்பச் சூழ்நிலை, குழந்தைகள், முன்பு எந்தக் குற்றமும் இல்லை, எல்லாம் போட்டு. நான் எழுதினால் நீதிபதி கட்டாயம் படிப்பார். பேப்பர் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. உங்கள் முழுப்பெயர் சொல்லுங்கள், செல்வராணிக்கு முன்னால் இனிஷியல் உண்டா?

வேண்டாமா.

நல்ல மனுவாக வரும் அம்மா.

சரி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

போலீஸ் வந்தார்கள், அதிகாரிகள் எழுதிக் கேட்டார்கள், மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இந்த இரண்டரை வருஷத்தில் ஃபாரம் உங்களிடம் இருக்கிறதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

எனக்கு முட்டி மடங்காது. பீரோ சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறது, நீங்களே எடுங்கள். நடுத்தட்டு. பச்சைச் சேலைக்கு அடியில் கையை விடுங்கள். பிளாஸ்டிக் கவர். வளையலை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அதுதான். மடிப்பில் கிழியும், மெதுவாகப் பிரியுங்கள். பத்துக் கேள்வி இருக்கும். பத்துக்கும் இல்லை என்று எழுதியிருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. கீழே சண்முகத்தாய் என்று இருக்கிறது பாருங்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இது நான் போட்டது.